மோட்டார் ஓடும்போது பேசலாம்

அத்தியாயம் பதினொன்று

நீச்சல் குளத்துத் தண்ணீர் பாசி நிறத்துக்குப் போய், பழைய மோட்டார் கடைசியாக ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப்போனது வரை நமக்குத் தெரியும். அது அடங்கியதில் அந்த வீட்டின் மூன்று பேருக்கும் மூன்று விதமான கவலை.

மேட்ரனின் தம்பிக்குத் தண்ணீர்க் கவலை. அவர் கண்ணாடிக் கடைக்காரர். காலையில் இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நடந்தால்தான் முதுகு ஒத்துழைக்கும். இல்லாவிட்டால் கடையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட வேண்டும்.

அவருடைய ஒரே மகளுக்கு வேறு கவலை. ஒழுங்காக நடக்கத் தெரிவதற்குள் நீந்தக் கற்றுக்கொண்டவள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாத்து என்று பெயர். சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுப்பது அவள் தொழில். சில வாரங்களுக்கு முன் இரண்டு பெட்டிகளோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள். "நானாத்தான் வந்தேன். இனிமே போக மாட்டேன். ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

மேட்ரனுக்கு இருந்ததோ பேச்சுக் கவலை.

மேட்ரன், கண்ணாடிக்காரரின் அக்கா. பெரிய மருத்துவமனையில் நர்சுகளுக்கெல்லாம் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். தம்பி மனைவி இறந்த பிறகு இந்த வீட்டுக்கு வந்து, வாத்தைத் தூக்கி வளர்த்தவர். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடாது.

அவர் அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். குரல் உயரும் என்று தெரிந்த பேச்சு எதுவும் வீட்டுக்குள் நடக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது, குளத்தங்கரையில், மோட்டார் அறைக் கதவோரம் நின்று பேசிக்கொள்ளலாம்.

பழைய மோட்டார் போட்ட சத்தத்தில் நம் குரலே நமக்குப் பாதிதான் கேட்கும். தம்பி கடையை மூடிவிடுகிறேன் என்று முரண்டு பிடித்தது அங்கேதான். வாத்து தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றதும் அங்கேதான். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "மோட்டார் ஓடட்டும், பேசிக்கலாம்" என்பார் மேட்ரன். இந்த வீட்டுப் பேச்சு மதிலைத் தாண்டியதில்லை என்பது அவருடைய பெருமை. மனிதருக்கு அப்படி ஒரு பெருமை இருப்பதில் தவறும் இல்லை.

ஒரே ஓர் உறுத்தல், பக்கத்து வீடு. அங்கே பல் டாக்டரம்மாவின் கிளினிக். நோயாளிகள் காத்திருக்கும் கூடம் மதிலை ஒட்டியே இருந்தது. இங்கே மோட்டார் ஓட ஆரம்பித்ததுமே அங்கே டிவி அலறத் தொடங்கும். "படிச்சவங்க வீடு, சந்தைக் கடை மாதிரி வெச்சிருக்காங்க" என்று முகம் சுளிப்பார் மேட்ரன். டாக்டரம்மா தெருவில் பார்த்துச் சிரித்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

இப்போது மோட்டார் போய்விட்டது. வாத்து வந்ததிலிருந்து பேச வேண்டியது மலைபோலக் குவிந்திருந்தது. பேச இடம் இல்லை.

அன்று காலை மூவருமாகப் பம்புக் கடைக்குப் போனார்கள்.

"வீட்டுக் குளத்துக்கா? அப்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாடலை எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். அவர் போட்டிருந்த கண்ணாடி தம்பி கடையில் வாங்கியது. அதனால் உபசாரம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. "உங்க பழசுக்குத் தெரிஞ்சது ஒரே வேகம். அடியில இருக்கிற குப்பையை உறிஞ்சினாலும் அதே ஓட்டம், சும்மா தண்ணியைச் சுத்தி வடிகட்டினாலும் அதே ஓட்டம். தெருமுனைக்குப் போய் தீப்பெட்டி வாங்க லாரி எடுத்த கதைதான்."

"இதுல?" என்றார் தம்பி.

"வடிகட்டறதுக்கு மெதுவா விட்டாப் போதும். நாள் முழுக்க ஓடினாலும் கரண்டை மெல்லமாத்தான் குடிக்கும். குப்பை எடுக்கிற அன்னிக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக்குங்க."

"வேகத்தைப் பாதியாக் குறைச்சா கரண்டும் பாதியாக் குறையும்னு நினைச்சிருந்தேம்ப்பா" என்றாள் வாத்து, அப்பாவிடம். "இல்லையாம். எட்டுல ஒரு பங்குக்குப் பக்கத்துல வந்துடுமாம். அதான் நிறைய நேரம் ஓடினாலும் மிச்சம்."

"பாப்பா படிச்சுட்டு வந்திருக்கு" என்ற கடைக்காரர், பெரிய பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இதை எடுத்துக்குங்க. யானை பலம்."

"யானையை வெச்சு நான் என்ன பண்ண? எங்க குழாய் சின்னது. ஃபில்டரும் சின்னது. அது தாங்கற அளவுக்கு மேல பம்ப் எதுக்கு? அந்தச் சின்னதைக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே யானையை விட்டுவிட்டுச் சின்னதை எடுத்து வைத்தார். மேட்ரன் அதுவரை பேசவில்லை. இப்போது கேட்டார்.

"சத்தம்?"

"சத்தமே இருக்காது மேடம். பக்கத்துல உக்காந்து புத்தகம் படிக்கலாம்."

"நான் அதைக் கேக்கல. நல்லா சத்தம் வர்ற மாடல் எது?"

கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி, சுவரில் தொங்கிய, குப்பை அள்ளும் வலைக் கரண்டி ஒன்றைத் தன் வாழ்நாளிலேயே முதன்முதலாகப் பார்ப்பவர்போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லா வர்றதுன்னா?"

"ஓடுதுன்னு தெரிய வேண்டாமா?"

"மேடம், சத்தம் பத்தலன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட பம்பைத் திருப்பிக் கொண்டுவந்ததில்ல."

மூலையில் ஒரே வேகத்தில் ஓடும் பழைய மாதிரி ஒன்று தூசி படிந்து கிடந்தது. மேட்ரன் அதை விரலால் சுட்டினார். "அதுவே போதும். பழகினது."

"அத்தை, எனக்கு இந்தச் சின்னதுதான் வேணும்" என்றாள் வாத்து.

"உனக்கெதுக்கு? நீ இங்க இருக்கப் போறது..."

மேட்ரன் நிறுத்திக்கொண்டார். கடைக்காரரின் காது நீண்டிருந்தது. "மீதியை மோட்டார் ஓடும்போது பேசிக்கலாம்" என்று முடித்தார்.

"எந்த மோட்டாரு அத்தை?" என்றாள் வாத்து. உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

அப்போதுதான் தம்பி வலைக் கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினார். "அக்கா, காலங்காத்தால தண்ணில நடக்கிறவன் நான். அமைதியானதே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் அக்காவுக்கு எதிராகச் சொன்னது ஆண்டுக்கு ஒரு வாக்கியம் இருந்தால் அதிகம். அந்த ஆண்டுக்கானது தீர்ந்தது. சின்னப் பம்ப் வீட்டுக்கு வந்தது.

மதியம் ஃபிட்டர் வந்தார். மோட்டார் அறையில் கனமான ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் பம்பை உட்கார வைத்து, குழாய்களைப் பூட்டினார். மேட்ரன் கதவோரம் நின்று மேற்பார்வை பார்த்தார். அவர் மேற்பார்வையில் ஊசி போடுகிற நர்சுகளுக்கே கை நடுங்கும் என்று பேர். ஃபிட்டர் இரண்டு முறை ஸ்பேனரைக் கீழே போட்டார்.

பொத்தானை அழுத்தியதும் பம்ப் கூவிக்கொண்டு எழுந்தது. பழையதன் உறுமலுக்கு ஈடில்லைதான். ஆனாலும் சத்தம் என்று சொல்லத்தக்க சத்தம். மேட்ரனின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. கடைக்காரன் அளந்திருக்கிறான், இது போதும், சமாளித்துக்கொள்ளலாம்.

"அண்ணே" என்று வாத்து ஃபிட்டரிடம் கேட்டாள். "தண்ணி உறிஞ்சற வாய்க்கு மூடி கெட்டியா இருக்கா பாருங்க. குழந்தைங்க இறங்கும்."

"எந்தக் குழந்தைங்க?" என்றார் மேட்ரன்.

"நீச்சல் கத்துக்க வர்றதுங்க. புதன்கிழமையில இருந்து. முதல்ல நாலஞ்சு பேரு. சின்னதுங்க, தண்ணியைப் பாத்தாலே மிரளும். நாம கத்தாம மெதுவாச் சொன்னாத்தான் கேக்கும். அதான் இந்தப் பம்ப்."

மாப்பிள்ளை வெளியூர் வேலையாகப் போயிருக்கிறார், அதுவரை பெண் இங்கே இருக்கிறாள் என்றுதான் மேட்ரன் தெருவில் சொல்லி வைத்திருந்தார். வகுப்பு ஆரம்பித்தால் தாய்மார்கள் வருவார்கள். கரையில் உட்காருவார்கள். உட்கார்ந்த தாய்மார்கள் கேட்பார்கள். இந்தப் பம்ப் தம்பியின் முதுகுக்காக வாங்கியது இல்லை. இவள் இங்கேயே தங்கிவிடுவதற்குப் போட்ட அஸ்திவாரம்.

"யாரைக் கேட்டு..." என்று தொடங்கியவர், ஃபிட்டரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஃபிட்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகிறப்பவும் கொஞ்ச நேரம் இப்படி வேகமா ஓடும், குழாய்ல இருக்கிற காத்து போறதுக்கு. அப்புறம் தானா இறங்கிடும். இறங்கினா நின்னுபோச்சுன்னு நினைச்சுக்காதீங்க."

மேட்ரன் காதில் அது விழவில்லை. அவர் அலமாரியைத் திறந்து, மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு முடிவுக்கும் வந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஒருமுறை வாசலில் வந்து நின்றுவிட்டால் போதும். வாத்து சின்ன வயதில் கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வெளியே வா என்று அதட்டினால் வரமாட்டாள். யாராவது பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தால் தானாக ஊர்ந்து வந்து மடியில் தலை வைப்பாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவளை எடுத்தவர் அவர்தான். இப்போதும் அதேதான் வேண்டும், ஆள்தான் வேறு. புதன்கிழமைக்குள் நடக்க வேண்டும்.

சாயங்காலம் தம்பி கடைக்குப் போயிருந்தார். வாத்து குழந்தைகளுக்கு மிதவைப் பலகை வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். பக்கத்து கிளினிக்கில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. மதிலுக்கு அப்பால் நாற்காலிகள் நகர்ந்தன.

ஃபிட்டர் வைத்துவிட்டுப் போன நேரத்துக்குப் பம்ப் தானாகக் கூவிக்கொண்டு எழுந்தது. மேட்ரன் மோட்டார் அறைக் கதவோரம், வழக்கமான இடத்தில், வழக்கமான நிமிர்வோடு நின்றார். போனில் மாப்பிள்ளையின் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரையும் போட்டார். பழைய மோட்டாரின் இரைச்சலில் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரைப் போட்டு முகத்துக்கு நேரே பிடித்துக் கத்துவதுதான் பழக்கம். பழக்கம் எந்த மோட்டார் என்று பார்ப்பதில்லை.

"மாப்பிள்ளை, நான்தான். நல்லா இருக்கீங்களா? நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

"சொல்லுங்க அத்தை."

"ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுங்க. ஏதோ இந்தப் பக்கம் வந்த மாதிரி வாங்க. அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் போறதில்ல."

பம்பின் கூவல் தணிய ஆரம்பித்தது. படிப்படியாக, ஒருவர் மாடியிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவதுபோல இறங்கியது. மேட்ரனின் குரல் மட்டும் இறங்கவில்லை. அது பழைய மோட்டாருக்காகப் பழகிய குரல். இத்தனை வருடமாக ஒரே வேகத்தில் ஓடியது அந்தக் குரலும்தான்.

"அவ கோவிச்சுக்கிட்டு வந்தவ, அவ்வளவுதான். கூப்பிட ஆள் வந்தா இறங்கி வந்துடுவா. நான் வளத்த பொண்ணு, எனக்குத் தெரியாதா? உங்களுக்கும் ஏதாவது மனத்தாங்கல் இருக்கும். இருக்கட்டும். அதையெல்லாம் என் தலையில போடுங்க, வளத்தது சரியில்லன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன். எங்க வீட்டுப் பொண்ணு வாழாம வந்து உக்காந்துட்டான்னு ஒரு சொல்லு மட்டும் வரக் கூடாது. அதுக்காக உங்க கால்ல விழணும்னாலும் விழறேன் மாப்பிள்ளை."

எவரிடமும் தலை குனியாதவர் அப்படிச் சொன்னார். சொன்ன பிறகு, தன் கடைசி வார்த்தை எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டார்.

குளத்தில் தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டது. பம்பின்மேல் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது அது. மதிலுக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ அடக்கமான குரலில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று மேட்ரனுக்குத் தோன்றுவதற்குள் மாப்பிள்ளையின் குரல் முற்றம் முழுக்கத் தெளிவாக ஒலித்தது.

"அப்படியெல்லாம் பேசாதீங்க அத்தை. எனக்குக் கூசுது. அவ கோவிச்சுக்கிட்டு வரல. நான்தான் போகச் சொன்னேன். அவ சொல்லலையா?"

மேட்ரன் போனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"நானே உங்ககிட்ட வந்து சொல்றேன்னுதான் சொன்னேன். அவதான் வேண்டாம்னா. 'நானா வந்ததாச் சொல்லிக்கறேன், அதை அத்தை எப்படியாவது தாங்கிக்குவாங்க. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அவங்களால தெருவுல நிமிர்ந்து நடக்க முடியாது'ன்னா. ஞாயித்துக்கிழமை நான் வந்து பிரயோஜனம் இல்ல அத்தை. மன்னிச்சுடுங்க."

மேட்ரனின் முதுகு அப்போதும் வளையவில்லை. ஆனால் இடது கை மோட்டார் அறைக் கதவைப் பற்றிக்கொண்டது.

"சரி. நீங்க வர வேண்டாம்" என்றார். அதைச் சின்னக் குரலில் சொன்னார். சின்னக் குரலே போதுமானதாக இருந்தது. "வைக்கறேன்."

திரும்பியபோது பக்கவாட்டுக் கதவில் வாத்து நின்றிருந்தாள். கை நிறைய மஞ்சளும் நீலமுமாக மிதவைப் பலகைகள். மேலே இருந்த பலகை ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

யார் முதலில் பேசுவது என்று தெரியாத அந்த நேரத்தில், மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது. பல் டாக்டரம்மா. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, எதன்மேலோ ஏறி நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேட்ரன். தப்பு எங்க மேல."

மேட்ரன் அவரைப் பார்த்தார்.

"வழக்கமா உங்க மோட்டார் சத்தம் கேட்டதும் எங்க ரிசப்ஷன் பொண்ணு டிவியைக் கூட்டிடுவா. நான் சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கு மோட்டார் ஓடறதே தெரியல. கவனிக்காம விட்டுட்டோம்."

"மோட்டார் ஓடினா நீங்க ஏன் டிவியைக் கூட்டணும்?"

டாக்டரம்மா சங்கடமாகச் சிரித்தார். "அந்த மோட்டாருக்கு மேல கேக்கணும்னு நீங்க எல்லாரும் சத்தமாப் பேசுவீங்க. மோட்டார் சத்தம் ஒரே சீரா இருக்கும், அது காதுல பழகிடும். பேச்சு தனியாத் தெரியும். வந்து உக்காந்திருக்கிறவங்க நாலு பேரு, நாலு விதம். எதுக்குன்னுதான்..." நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "எங்க வீட்டுல இருந்து ஒரு வார்த்தை வெளிய போனதில்ல. அது உறுதி."

மேட்ரன் நின்ற இடத்திலேயே நின்றார். சந்தைக் கடை என்று தான் முகம் சுளித்த அந்த அலறல் இத்தனை வருடமாகத் தன் வீட்டுக்குப் போர்த்திய போர்வை. தம்பியின் கடை, வாத்தின் கல்யாணம், எல்லாம் அந்தப் பக்கம் தெரியும். தெரிந்தேதான் இந்தப் பெண்மணி தெருவில் பார்த்துச் சிரித்திருக்கிறார். தான் ஒரு தலையசைப்பைக் காசு போடுவதுபோலப் போட்டுவிட்டு நடந்திருக்கிறார்.

அந்தப் பக்கம் இவர். இந்தப் பக்கம் பழியைத் தன்மேல் மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் பலகைகளோடு நிற்கும் ஒருத்தி. வீட்டு மானத்துக்குத் தனி ஆளாகக் காவல் இருந்ததாக அவர் நினைத்திருந்தார். காவலுக்கு ஆள் நிறையவே இருந்திருக்கிறார்கள். தூங்கிப் போனதுதான் யார் என்று தெரியவில்லை.

அவர் மதிலருகே நடந்து போனார். நிமிர்ந்து, வார்டைச் சுற்றி வருகிற அதே நடையில். மதிலோரம் நின்று, காத்திருக்கும் கூடத்துக்கும் கேட்கிற அளவுக்கு, ஆனால் கத்தாமல் சொன்னார்.

"டாக்டர், இனிமே டிவியைக் கூட்ட வேண்டாம். எங்க பொண்ணு இங்கதான் இருக்கப் போறா. புதன்கிழமையில இருந்து குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றா. கொஞ்சம் கூச்சலா இருக்கும். பொறுத்துக்கணும்."

"என் பேத்தியைச் சேத்துக்குவாளா?" என்றார் டாக்டரம்மா.

"அதை டீச்சரைத்தான் கேக்கணும்" என்றார் மேட்ரன்.

"அனுப்புங்க ஆன்ட்டி" என்றாள் வாத்து.

தலை மதிலுக்குப் பின்னால் இறங்கியது. மேட்ரன் திரும்பி வந்து, விழுந்து கிடந்த பலகையை எடுத்துத் துடைத்தார். பிறகு குளத்தின் விளிம்பில், வெறும் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து வாத்து பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் தாங்க மாட்டேன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லணுமா அத்தை?"

தண்ணீர் சின்னச் சின்னச் சுருக்கங்களோடு சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் பாசியாக இருந்ததில், அடித்தளத்து ஓடுகளின் கோடுகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தன.

"அவர் ஏன் போகச் சொன்னாருன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள் வாத்து.

மேட்ரன் அவள் முகத்தைப் பார்த்தார். சில வாரங்களாக மூடியிருந்த முகம் இப்போது திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. "சொல்லு."

வாத்து மதிலைப் பார்த்தாள். பிறகு பம்பின் பொத்தான்களைப் பார்த்தாள். "வேகத்தைக் கூட்டட்டுமா அத்தை? இல்லன்னா அந்தப் பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்" என்றார் மேட்ரன்.